ஆடாமலே திரும்பிய அணி

மூன்று முறை தேசிய சாம்பியன். ஆனாலும் கோகுலம் பெண்களுக்கு எதிரணியை விடப் பெரிய தொல்லை மைதானத்துக்கு வெளியேதான்.

பூட்ஸ், ஜெர்சி, ஆசிய கிளப் பட்டக் கனவு - எல்லாவற்றோடும்தான் கோகுலம் கேரளா மகளிர் கால்பந்து அணி 2022 ஆகஸ்ட் மத்தியில் தாஷ்கண்டில் போய் இறங்கியது. ஆனால் பந்தைத் தொட வழியில்லை. சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை சஸ்பெண்ட் செய்துவிட்டது.

செய்த தவறு வீராங்கனைகளுடையது அல்ல. சம்மேளனத் தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக் காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு ஒன்றை நியமித்தது. அதை 'வெளியார் தலையீடு' என்றது ஃபிஃபா. தாஷ்கண்டிலிருந்து பிரதமருக்கே முறையிட்டது கோகுலம். பலனில்லை. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியபோது, 23ஆம் தேதி ஆட வேண்டிய ஆட்டம் கைநழுவியிருந்தது.

அதே வாரம் இன்னொரு வினோதம். சில மாதங்களுக்கு முன்புவரை கோகுலத்துக்கு ஆடிய பஞ்சாபின் மனீஷா கல்யாண், சைப்ரஸின் அப்போலோன் அணிக்காகக் களமிறங்கி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். நாடு மாறியவருக்கு மைதானம் கிடைத்தது. நாட்டின் சாம்பியன்களுக்கு ஓட்டல் அறைதான் மிஞ்சியது.

கோகுலம் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. கோகுலம் கோபாலன் 1968இல் சென்னையில் தொடங்கிய சிட் ஃபண்ட் நிறுவனம்தான் குழுமத்தின் ஆணிவேர். 2017இல் பிறந்த கால்பந்து கிளப்புக்கு வீடு கோழிக்கோடு. பெண்கள் கால்பந்துக்கு அது பழகிய ஊர். 1980 ஜனவரியில் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் தைவானிடம் 0-2 எனத் தோற்றாலும் ஆசியாவில் இரண்டாம் இடம் இந்தியாவுக்கு. 1983இலும் அதே இடம். பெண்களுக்கென தேசிய லீக் வரவோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லீகின் முதல் சீசன்களில் மணிப்பூர், ஒடிசா அணிகளின் ஆதிக்கம். 2019இல் அதை உடைத்தது தமிழகத்தின் சேது எஃப்.சி. அடுத்த ஆண்டு பிரியா பி.வி.யின் பயிற்சியில் கோகுலம்: பெங்களூர் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரின் கிரிப்ஸாவை 3-2 என வீழ்த்தியது. 2021இல் ஜோர்டானில் நடந்த ஆசிய கிளப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என வென்று மூன்றாம் இடம்.

2022 மே மாதம் புவனேஸ்வரில் பட்டத்தைத் தீர்மானித்தது இரு அண்டை மாநிலங்களின் மோதல். அதுவரை ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் வென்றிருந்த சேதுவும் கோகுலமும் கடைசி நாளில் சந்தித்தன. முதல் கோல் சேதுவுடையது. கோப்பை 3-1 என கோகுலத்துடையது. 2023இல் அகமதாபாத்தில் பெங்களூர் கிக்ஸ்டார்ட்டை 5-0 என நொறுக்கி மூன்றாவது பட்டம்.

அந்த மூன்றாவது பட்டத்தில் தமிழகத்துக்கும் பங்குண்டு. கடலூர் மாவட்டத்து சந்தியா ரங்கநாதனும் இந்துமதி கதிரேசனும் சேதுவில் ஆடிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் போய் கோகுலம் ஜெர்சியை அணிந்தவர்கள். 2018இல் தமிழகம் மணிப்பூரை வீழ்த்தி முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது இந்துமதி அந்த அணியில் இருந்தார். எல்லையில் தண்ணீருக்கு வழக்கு நடக்கலாம். பந்துக்கு செக்போஸ்ட் இல்லை.

2023இல் ஆசிய கிளப் போட்டியில் மீண்டும் ஆடும் வாய்ப்பு கோகுலத்துக்குக் கிடைத்தது. உள்ளூரில் போட்டி கடுமையாகிவிட்டது. 2023-24இல் ஒடிசா எஃப்.சி., 2024-25இல் ஈஸ்ட் பெங்கால் பட்டத்தைத் தட்டிச் சென்றன. இரண்டு முறையும் கோகுலம் இரண்டாம் இடம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆடித் தோற்பது விளையாட்டு. தாஷ்கண்டில் நடந்தது அது அல்ல. அங்கே அவர்கள் தோற்கவே இல்லை. தோற்கும் உரிமைகூட அவர்களுக்குத் தரப்படவில்லை.