பழங்கணினியின் நினைவகப் பெருக்கம்

கணினி அப்போதைக்கு ஆளும் தரவுகளையும் கட்டளைகளையும் செயலிக்கு அண்மையில் தாங்கி நிற்கும் உறுப்பே முதன்மை நினைவகம். கடைத்தெருவில் ரேம் என்று வழங்குவது இதுவே. மின்னோட்டம் நின்றால் இதன் உள்ளடக்கம் முழுதும் அழியும். நின்ற பின்னும் அழியாமல் இருத்தி வைப்பது வன்தட்டு. முன்னது விரைந்தது, நிலையாதது. பின்னது நிலைத்தது, மெதுவானது. நினைவகம் ஒரு செய்தியை எடுத்துத் தர நூறு நானோ நொடி அளவே கொள்ள, சுழலும் வன்தட்டு அதே செய்திக்குப் பத்து மில்லி நொடி அளவில் எடுத்துக்கொள்கிறது. நூறாயிரம் மடங்கான இவ்வேறுபாட்டை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டவர்க்கு, பழைய மேசைக் கணினி ஏன் தள்ளாடுகிறது என்பது பாதிக்குமேல் விளங்கிவிடும்.

இந்நினைவகத்தின் அடிப்படை அலகு வியக்கத்தக்க எளிமையுடையது. மின்வழியைத் திறந்து மூடும் ஒரு திரிதடையம், மின்னூட்டத்தைத் தாங்கும் ஒரு மின்தேக்கி ஆகிய இரண்டே அதன் உறுப்புகள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டென்னார்டு இவ்வமைப்பைக் கண்டறிந்து, 1968-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்னும் சில்லு, 1,024 பிட்டுகளைத் தாங்கும் இயங்கு நினைவகமாக வணிகத்திற்கு வந்தது. தேக்கியில் மின்னூட்டம் இருப்பின் ஒன்று, இல்லையேல் சுழி. ஆயின் அத்தேக்கி அடியில் ஊசித்துளை விழுந்த குடத்தை ஒத்தது; எவரும் தொடாமலே அதன் மின்னூட்டம் கசிந்து குறையும். படித்தலும் அதற்கு ஊறுதான்: ஒரு கிடைவரிசையைத் திறந்த அளவில் அவ்வரிசையின் தேக்கிகள் தம் மின்னூட்டத்தை இழக்கின்றன, நெடுவரிசைதோறும் நிற்கும் உணர்பெருக்கிகள் அம்மெல்லிய மாற்றத்தை அறிந்து, ஒன்றா சுழியா எனத் தெளிந்து, இழந்ததை மீண்டும் நிரப்பி வைக்கின்றன.

எவரும் படிக்காத வரிசைகளையும் இவ்வாறே திறந்து நிரப்பியாக வேண்டும்; இதுவே புதுப்பித்தல். டிடிஆர்3 என்னும் நினைவக வகையில், இயல்பான வெப்ப நிலையில், ஒவ்வொரு வரிசையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படுதல் வேண்டும் என்பது வரையறை. அவ்விடைவெளிக்குள் 8,192 புதுப்பித்தற் கட்டளைகள், 7.8 மைக்ரோ நொடிக்கு ஒன்றாகச் செல்கின்றன. 8 கிகாபைட்டு நினைவகம் கொண்ட கணினியில் இத்தகைய நுண்ணறைகள் 6,871 கோடிக்கு மேற்பட்டவை. நாம் ஒரு மடலைத் தட்டச்சிடும்போது, அத்தனை அறைகளும் நொடிக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல் நிரப்பப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, ஓரெழுத்தும் பிறழ்வதில்லை.

இனி, நினைவகம் போதாதபோது நிகழ்வது யாது? இயங்குதளம் நிரல்களை நிறுத்திவிடுவதில்லை. அப்போது வேண்டாத ஏடுகளை, அதாவது நினைவகப் பகுதிகளை, வன்தட்டிற்கு இறக்கி, வேண்டுவனவற்றை ஏற்றுகிறது. ஏடுமாற்றம் எனத்தகும் இவ்வேற்பாடு மிகச் சிறந்ததே. ஆயினும் அளவு கடந்தால் கணினி தன் உழைப்பை எல்லாம் ஏற்றி இறக்குவதிலேயே கரைத்துவிடும். உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்தவுடன் வன்தட்டின் விளக்கு ஓயாமல் எரிவதும், சுட்டி நகர மறுப்பதும் இதன் அறிகுறிகள். பணி மேலாளரைத் திறந்து பார்க்கையில் நினைவகம் எப்போதும் நிரம்பியே நின்றால் பெருக்குதல் நன்று. பாதியளவு வெறுமையாகக் கிடந்தால், எத்துணை கூட்டினும் பயன் இல்லை. அங்கே குறை செயலியிலோ வன்தட்டிலோ இருக்கிறது. இதனைப் பாராமலே பொருளை விற்றுவிடும் கடைகள் உண்டு.

பெருக்க முனைவோர் முதலில் அறிய வேண்டுவது தலைமுறை. டிடிஆர் 2.5 வோல்ட், டிடிஆர்2 1.8 வோல்ட், டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2 வோல்ட் என மின்னழுத்தம் படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது. டிடிஆர்2, டிடிஆர்3 ஆகிய இரண்டிற்கும் தொடுமுனைகள் 240 ஆயினும், நினைவகப் பட்டையின் அடியில் உள்ள வெட்டுவாய் இடம் மாறியிருக்கும். ஆகவே ஒன்றன் செருகுவாயில் மற்றொன்று பொருந்தாது. பொருந்தாததை அழுத்திப் பொருத்த முயல்வோர் தாய்ப்பலகையையே இழப்பர்.

அடுத்தது மேல்வரம்பு. செருகுவாய் இருப்பதனாலேயே எவ்வளவும் இடலாம் என்பதில்லை. நினைவகக் கட்டுப்படுத்தி எண்ணக்கூடிய அளவே எல்லை. இன்டெல் ஜி31 சில்லுத்தொகுதிக்கு 4 கிகாபைட்டு, ஜி41-க்கு 8, செருகுவாய் இரண்டு கொண்ட எச்61 பலகைகளுக்கு 16. இயங்குதளமும் ஓர் எல்லை வகுக்கிறது. 32 பிட்டு முகவரி 4,29,49,67,296 பைட்டுகளை மட்டுமே சுட்டவல்லது; அவற்றுள்ளும் ஒரு பகுதியை வரைகலை முதலிய துணைக்கருவிகள் எடுத்துக்கொள்ளும். ஆகவே 32 பிட்டு விண்டோசு நிறுவிய கணினியில் 8 கிகாபைட்டை இட்டவர், மூன்று சொச்சமே கண்டு கடைக்காரரை நொந்துகொள்வது அறியாமை. 64 பிட்டு இயங்குதளத்திற்கு மாறிய பின்னரே கூட்டியது பயன்தரும்.

மூன்றாவது இருதட முறை. நினைவகத் தடம் ஒன்று ஒரே வீச்சில் 64 பிட்டுகளைச் சுமக்கும். டிடிஆர்3-1600 பட்டை ஒன்று நொடிக்கு 12.8 கிகாபைட்டு வரை தரும். ஒத்த அளவுடைய இரு பட்டைகளை இரு தடங்களில் இட்டால் அவ்வெல்லை இரட்டிக்கும். ஆதலின் 8 கிகாபைட்டுப் பட்டை ஒன்றினும் 4 கிகாபைட்டுப் பட்டைகள் இரண்டு மேல். விரைவு வேறுபட்ட பட்டைகளைச் சேர்த்தால், எல்லாம் மெதுவானதன் விரைவிற்கே இறங்கி இயங்கும்.

பொருத்துதல் எளிய பணி. மின்னிணைப்பைச் செருகியிலிருந்தே பிடுங்கிவிட்டுக் கணினிப் பெட்டியின் பூச்சில்லா இரும்பை ஒருமுறை தொட வேண்டும்; உடலில் தங்கிய நிலைமின் அதன் வழியே ஒழுகிவிடும். செருகுவாயின் இருமுனைக் கொண்டிகளை விரித்து, வெட்டுவாய் நேர்ப்பட்டதைக் கண்டு, பட்டையின் இரு முனைகளையும் பெருவிரல்களால் ஒருசேர அழுத்தினால் கொண்டிகள் தாமே எழுந்து பட்டையைக் கவ்வும். பல ஆண்டு கிடந்த பழைய பட்டையாயின் பொன்பூசிய தொடுமுனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துகள்களை ஊதிவிட்டு இடுவது நம் ஊர்ப் பழுதுநீக்குநர் வழக்கம். இயக்கியவுடன் திரை ஒளிராமல் தொடர்ந்து கூவொலி மட்டும் கேட்டால் பட்டை சரியாக அமரவில்லை என்று கொண்டு எடுத்து மீண்டும் இடுக. பெரும்பாலும் அதுவே போதும்.

4 கிகாபைட்டிற்கு மேல் ஏலாத ஜி31 பலகைக்கு இனிப் பொருள் செலவிடுதல் வீண். எச்61 பலகையோ அதனினும் பிந்தையதோ உங்களிடம் இருப்பின், ஒத்த இரு 4 கிகாபைட்டுப் பட்டைகளும் சுழலும் வன்தட்டிற்கு மாற்றாக ஒரு திண்மநிலை வட்டும் வாங்கிப் பொருத்துங்கள். எழுத்துப் பணிக்கும் கணக்குப் பணிக்கும் இணைய உலாவிற்கும் புதுக் கணினி வேண்டியதில்லை.