நீரிழிவும் மாதக் கடைசியும்

சர்க்கரை நோயைப் 'பணக்கார வியாதி' என்று சொல்லிவந்த காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாகக் கூறுகிறது. நோய் எல்லா வாசல்களையும் தட்டுகிறது; அதைத் தாங்கும் சக்தியோ எல்லா வீடுகளிலும் ஒன்றுபோல் இல்லை.

சென்னை அசோக் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் பெறும் அதிகாரி, ஆட்டோ ஓட்டுநர், வீட்டுவேலை செய்யும் பெண்மணி ஆகிய மூவருக்கும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை ஒன்றாகவே இருக்கலாம். அதிகாரி தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். ஓட்டுநருக்கோ, பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் பகல் ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. அந்தப் பெண்மணிக்கு ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. காய்கறிக்கும் பருப்புக்கும்தான் கைக்காசு வேண்டும். 'சோற்றைக் குறையுங்கள்' என்ற அறிவுரையை அவர் எதைக் கொண்டு நிறைவேற்றுவார்?

ஏழு மாநிலங்களில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, நகர்ப்புற ஏழை நோயாளியின் குடும்பம் வருமானத்தில் 34 விழுக்காட்டை நீரிழிவுக்கே செலவிட்டதாகக் காட்டியது. மூன்றில் ஒரு பங்கு போனால் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மிஞ்சுவது என்ன?

எனவேதான் மாதக் கடைசியில் இருவேளை மாத்திரை ஒருவேளையாகிறது. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்ற சமாதானமும் துணைக்கு வருகிறது. சர்க்கரை கூடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆபத்தே அங்குதான் இருக்கிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் பாத நரம்புகளையும் அது ஓசையின்றி அரிக்கிறது. இன்று மிச்சம் பிடித்த சில ரூபாய், பின்னாளில் ஆறாத கால் புண்ணாகவும் டயாலிசிஸ் செலவாகவும் திரும்பி வருகிறது.

வழி இல்லாமல் இல்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வீடு தேடி மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பெயரைச் சேர்ப்பது பற்றி அந்நிலையத்திலேயே விசாரியுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. தொகை பிடிக்கப்படுவோருக்குக் கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. கிண்டியில் 2023-இல் திறக்கப்பட்ட அரசு உயர்சிறப்பு மருத்துவமனையும் தொலைவில் இல்லை.

பணமில்லை என்பதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதே மருந்தை மலிவு விலையில் எழுதித் தர அவரால் இயலும். குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள் இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். எக்காரணம் கொண்டும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வசதி படைத்த சகோதர சகோதரிகளே! ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, உறவிலும் அண்டையிலும் மருந்தைப் பாதியாக்கி விழுங்கும் ஏழை நோயாளி எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு, மாதத்தில் ஒரு நாள் சம்பளம் பிடிக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவர விடுப்புக் கொடுங்கள். அந்த ஒரு நாள் கிடைக்காததாலேயே இலவச மருந்தும் எட்டாமல் போகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள்.