அடைவைத்த குஞ்சுகளைக் காத்தல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும். இக்காலத்திற் பொரிக்கும் குஞ்சுகள் முதல் வாரத்தில் மடிவதற்கு ஈரமும் குளிரும் பெருங்காரணங்களாகும்.

அடைக்கு வைக்கும் முட்டைகள் இட்டு 7 நாட்களுக்கு மேற்படாதவையாயிருத்தல் வேண்டும். நாட்டுக்கோழியொன்று 10 முதல் 12 முட்டைகளை நன்கு மூடும். 7ஆம் நாள் இரவு விளக்கொளியிற் பார்த்துக் கருக்கொள்ளாதவற்றை நீக்குக. 21ஆம் நாளளவிற் குஞ்சுகள் வெளிவரும். வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கரு உணவாவதால், முதல் நாள் தீனி உண்ணாவிடினும் அஞ்சவேண்டியதில்லை.

கூட்டை நிலத்தினின்று உயர்த்தி, உலர்ந்த உமியை 2 அங்குலத் தடிப்பிற் பரப்புக. நனைந்த உமியை உடனே மாற்றுக. 3 வாரங்களின் பின் தோன்றும் இரத்தக் கழிச்சலும் ஈரத்திலேயே பெருகும். குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று நெருங்கினாற் குளிர் மிகுந்ததென அறிக. இறந்த குஞ்சைத் தாமதியாது அகற்றி ஆழப் புதைத்தல் வேண்டும்.