முண்டு வத்தலா, சம்பா வத்தலா?

காரச் சட்னி அரைக்கும்போது, ‘பத்து வத்தல் போடு’ என்கிறோம். எந்த வத்தல் என்று கேட்பதில்லை. ருசியின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது!

எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைபவை முண்டும் சம்பாவும். முண்டு உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். அரைத்தால் சட்னி கெட்டியாக வரும். காரம் நிதானமாக ஏறும். சம்பா நீளமானது, மெல்லிய தோல். நாக்கில் பட்டதும் சுரீரென்று இருக்கும்.

பூண்டு, புளி, உப்பு அளவை மாற்றாமல் இரண்டிலும் தனித்தனியே அரைத்துப் பாருங்கள். வித்தியாசம் புரியும். அமெரிக்காவில் 1868 முதல் தயாராகும் டபாஸ்கோ சாஸிலும் மிளகாய், உப்போடு புளிப்புக்கு வினிகர் உண்டு. நமக்குப் புளி!

காரம் தூக்கலாகிவிட்டதா? நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள். காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும்.

பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், பாக்கெட் தூளில் எது முண்டு, எது சம்பா என்று யாருக்குத் தெரியும்? மழை பொய்த்தாலும், பழம் பறிக்கும் நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் நஷ்டம் மானாவாரி விவசாயிக்குத்தான். அடுத்த முறை வத்தலாகவே, ரகம் கேட்டு வாங்குங்கள். நாம் கேட்டால்தான் அவர் விதைப்பார்.