ஒரு மீட்டு, பல ஸ்வரம்

1934-ல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் பாதி ஒரே வீடு. அப்பா சுந்தரம் ஐயர் ஜனகர். அண்ணன் ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை. ராவணன் சபையில் கஞ்சிரா தட்டும் பொடியனுக்கு ஏழு வயதுதான். அவன்தான் பின்னாளில் வீணை எஸ். பாலசந்தர். குரு யாரும் கிடையாது. தானாகவே வீணை கற்றுக்கொண்டார்.

அவர் கையில் வீணை பாடியது எப்படி? எங்கள் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், பத்தமடைப் பாய்த் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைச் சுண்டிப் பாருங்கள். அதையே ஓரமாய் அழுத்திக்கொண்டு சுண்டினால் ஒலி ஏறும். நூல் எவ்வளவு முறுக்காக இழுபட்டிருக்கிறதோ அதுதான் இழுவிசை. அது கூடினால் விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு, அதாவது அதிர்வெண், கூடும்.

வீணைத் தந்தியும் இப்படித்தான். ஆனால் கணக்கு நேராகப் போவதில்லை. ‘ஸ’ ஸ்வரத்திலிருந்து ‘ப’ ஸ்வரத்துக்கு அதிர்வெண் ஒன்றரை மடங்குதான். இழுவிசையோ இரண்டேகால் மடங்கு வேண்டும். தந்தி பத்து கிலோ அரிசிப் பையைத் தாங்கியது என்றால், இப்போது இருபத்திரண்டரை கிலோ. மேல் ‘ஸ’வுக்கு நாற்பது!

வீணையில், தந்தியை அழுத்துவதற்கான குறுக்குக் கட்டைகளான 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து அசையாமல் நிற்கின்றன. ஸ்வரத்துக்கு ஸ்வரம் மெட்டு மாறிப் போகலாம், அது எளிது. பாலசந்தர் ஒரே மெட்டில் விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே பல ஸ்வரங்களைத் தொட்டார். இழுப்பு மயிரிழை பிசகினால் அபஸ்வரம். எங்கே நிறுத்துவது என்று சொல்ல மெட்டு கிடையாது, காதுதான் உண்டு. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் குழைவது இப்படித்தான்.

இன்னொரு விந்தை, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையில் இருக்கிறது. அதன் மேலுள்ள உலோகத் தகடு லேசாக வளைந்தது. துடிக்கும் தந்தி அதைத் தொட்டுத் தொட்டு எழும். சுண்டும் இடத்தைப் பொறுத்துச் சில துணையொலிகள் வரவே கூடாது என்பது பழைய விதி. வீணையில் அவையும் கேட்கின்றன என்று 1921-ல் எழுதியவர் இயற்பியலாளர் சி.வி. ராமன்.

இவ்வளவு நாதத்தில் ஊறிய மனிதர் 1954-ல் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. வேடிக்கைதான்.

அவர் ஒலிப்பதிவு எதையாவது கேளுங்கள். வலது கை ஒரு தடவை மீட்டியதும் எண்ணத் தொடங்குங்கள்: அடுத்த மீட்டுக்குள் எத்தனை ஸ்வரம்?