மோட்டார்ச் சைக்கிளின் கழுத்து நட்டு

பழைய பிரித்தானிய மோட்டார்ச் சைக்கிள்களைப் பேணுவோர், அவற்றின் கைந்நூல்களைப் புரட்டும்போது ஓரிடத்திற் சற்றே தயங்குவதுண்டு. சிலிண்டர்த் தலையின் போல்ட்டுகளை இத்தனை இறாத்தல்-அடி முறுக்கு விசையோடு பூட்டுக என எண்ணிட்டுக் கூறும் நூல், கைபிடியின் கீழுள்ள கழுத்து நட்டை அடைந்ததும் பெரும்பாலும் எண்ணைக் கைவிட்டுவிடுகின்றது. ஆட்டமும் இராமல், திரும்புவதற்குத் தடையும் இராமல் பூட்டுக என்பதோடு அமைகின்றது. இஃது எழுதியவரின் அசட்டை அன்று. அந்த நட்டின் வேலையே வேறு.

சட்டத்தின் முன்னுச்சியிலுள்ள குறுகிய குழாயே வண்டியின் கழுத்து. முன்சக்கரத்தைப் பற்றி நிற்கும் போர்க்கின் தண்டு அதனூடே செல்கின்றது. மெரிடனில் உருவான ட்ரையம்ப், பர்மிங்காமில் உருவான பி. எஸ். ஏ. முதலிய 1950களின், 1960களின் வண்டிகளிற் கழுத்தின் இரு வாய்களிலும் கிண்ணம் போன்ற உருக்கு வளையமும், அதற்கேற்ற கூம்பு வளையமும் உண்டு. இடையே, கிறீசிற் பதிந்து, சிறு உருக்குக் குண்டுகள் உருள்கின்றன. பல வண்டிகளில் அவை கால் அங்குல விட்டமுடையவை. மேலுள்ள நட்டுத்தான் இவற்றின் நெருக்கத்தை அமைப்பது.

நட்டுத் தளர்ந்திருந்தால், பிரேக்கை அழுத்தும்போது கழுத்தில் ‘டக்’கென்ற ஒலி எழும், கைபிடி படபடக்கும். மிக இறுகியிருந்தால் தீங்கு மறைவாக வரும். நேராகச் செல்வதாகத் தோன்றும் வண்டியும், முன்சக்கரம் இடமும் வலமும் இம்மியளவு ஓயாது திரும்புவதாலேயே சமநிலை காக்கின்றது. அவ்வசைவைக் கழுத்துத் தடுத்தால் வண்டி குடிவெறியன் நடைபோல வளைந்து வளைந்து செல்லும். ஓட்டுபவரோ சக்கரத்தையும் காற்றையும் குறை கூறிக்கொண்டிருப்பார்.

சக்கரத்தின் பேரிங் முழுவட்டமாகச் சுழல்வது. கழுத்துப் பேரிங்கோ வீதியிற் சில பாகை அளவே அசைகின்றது. ஆகவே ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில் நின்று அடிபடுகின்றது; அங்கிருந்த கிறீசும் விலகிவிடுகின்றது. நாளடைவில் வளையத்திற் குழிகள் விழ, கைபிடி நேர்நிலைக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றுவிடும். வண்டி தானாகவே நேராக நிற்கிறது என்று இதனைப் புகழ்வோரும் உளர்! இந்நோய்க்கு நட்டை இறுக்குவது மருந்தன்று. வளையங்களையும் குண்டுகளையும் ஒருசேர மாற்றவேண்டும்.

எண் உதவாமைக்குக் காரணம் உராய்வு. பூட்டும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, புரிகளிலும் நட்டின் அடியிலும் உராய்வுக்கே செலவாகின்றது. புரி எண்ணெய் கண்டிருந்தால் ஒரு நெருக்கம், துருவேறியிருந்தால் மற்றொன்று. பெருநெருக்கம் வேண்டிய சிலிண்டர்த் தலையில் இவ்வேறுபாடு ஓரளவு பொறுக்கத்தக்கது. கழுத்திலோ ஆட்டம் ஒழியுமளவு நெருக்கமே போதும். அதற்குமேற் கூடினால் குண்டுகள் வளையத்தை நசுக்கும்.

எனவே சோதனையே அளவு. எஞ்சினின் கீழ்ப் பெட்டியொன்றை வைத்து முன்சக்கரத்தை நிலத்தினின்று உயர்த்தவேண்டும். திசைத் தணிப்பியிருந்தால் அதனைத் தளர்த்தி, கேபிள்கள் இழுக்காதவாறும் பார்க்கவேண்டும். போர்க்கின் அடியைப் பிடித்து முன்பின்னாக அசைக்கும்போது, கழுத்தின் விளிம்பில் வைத்த விரலுக்கு ஆட்டம் தெரியலாகாது. போர்க்கினுள் தேய்ந்த புஷ்களும் ஆட்டம் காட்டுமாதலால் விரலை அங்கே வைப்பது இன்றியமையாதது. பின்னர், நேராக நிற்கும் சக்கரத்தை மெல்லத் தட்டினால், அது தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் முழுதும் சாயவேண்டும். இவ்விரண்டும் பொருந்திய பின் மேற்பிடியின் இறுக்கு போல்ட்டைப் பூட்டுதல் வேண்டும். அப்போது நெருக்கம் சற்று மாறக்கூடும். ஆதலால் மீண்டும் சோதிக்காமல் வண்டியை இறக்கலாகாது.

1971ஆம் ஆண்டு முதல், எண்ணெயைச் சட்டத்தினுள்ளேயே கொண்ட ட்ரையம்ப், பி. எஸ். ஏ. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் கூம்புருளைப் பேரிங் இடம்பெற்றது. அது பாரத்தை அகன்று தாங்குவதாற் குழி விழுவது குறைவு. எனினும் கைப்பதம் அங்கும் வேண்டும். அதே ஆண்டளவில் நோர்ட்டன் கமாண்டோ, செம்மையாக்கம் வேண்டாத, மூடிய குண்டுப் பேரிங்கை ஏற்றது. அங்கே நட்டின் வேலை பிடித்து வைப்பது மட்டுமே.