சோழமண்டலக் கரையின் கொக்கு

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எந்தக் கழனியில் டிராக்டர் இறங்கினாலும் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வந்துவிடும். மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளைக் கொத்திப் பழகிய பறவை இது. தினமும் கண்ணில் படுவதாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் அறிவியல் பட்டியலில் இந்தக் கொக்கு தாங்கி நிற்பது நம் கடற்கரையின் பெயரை.

1758-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், எகிப்திலிருந்து அறியப்பட்ட கொக்குக்கு 'ஆர்டியா ஐபிஸ்' என்று பெயரிட்டார். பிரான்சில் பூஃபோனின் பறவை நூலுக்காக அச்சிட்ட வண்ணப்படங்களில் சோழமண்டலக் கரைக் கொக்கு ஒன்றும் இருந்தது. அந்தப் படத்தை வைத்து டச்சு மருத்துவர் போடார்ட் 1783-ல், சோழமண்டலத்தைக் குறிக்கும் 'கோரமாண்டா' என்ற பெயரைத் தந்தார்.

பிறகு வந்தவர்கள் இரண்டும் ஒரே இனம் என்றார்கள். நம்முடையது துணையினமாகச் சுருங்கியது. பஞ்சுவெள்ளையாக இருக்கும் மாதங்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்தான். இனப்பெருக்கக் காலத்தில் கவனியுங்கள்: நம் ஊர்க் கொக்குக்குத் தலை, கன்னம், தொண்டை, கழுத்து எல்லாம் ஆரஞ்சு ஏறிவிடும். ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கொக்குக்கு உச்சந்தலை, மார்பு, முதுகில் மட்டும் வெளிறிய பழுப்பு படரும். நம்முடையதற்குக் காலும் அலகும் சற்று நீளம். இந்த வேறுபாடுகளைக் காட்டி, இவை தனித்தனி இனங்கள் என்று பறவையியலாளர்கள் மக்அலன், புரூஸ் இருவரும் 1988-ல் வாதிட்டார்கள். இன்று உலகின் முக்கியப் பட்டியல்கள் பலவும் அதை ஏற்றுவிட்டன, எல்லாம் அல்ல.

பேரினத்திலும் மாற்றம். 'புபுல்கஸ்' என்று தனியே வைத்திருந்த இதை, மரபணு ஆய்வுகள் பெரிய கொக்கும் சாம்பல் நாரையும் அடங்கிய 'ஆர்டியா'வுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தன. லின்னேயஸ் முதலில் வைத்த இடமும் அதுதான்.

இன்னும் வியப்பானது வரிசை. மரக்காணம் அருகே 2021-ல் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சார் தலமாகவும் ஆன கழுவெளியில் இறங்கும் மஞ்சள்மூக்கு நாரைதான் கொக்குக்கு நெருங்கிய உறவு என்று நம் கண் சொல்லும். மரபணுவோ கூழைக்கடாவைக் காட்டுகிறது. கொக்குக் குடும்பம் இன்று கூழைக்கடா வரிசையில் இருக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை அல்ல. ஒரே இனமாக எண்ணும்வரை, ஆசியாவில் இந்தக் கொக்கு குறைந்தாலும் ஆப்பிரிக்கா, அமெரிக்காவின் பெருங்கூட்டம் அந்தச் சரிவை மறைத்துவிடும். தனி இனம் என்றால் ஆசியாவின் எண்ணிக்கையைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.